உன் புறாக்குஞ்சுகளும் என் தையல் மிஷினும்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம். உன் அப்பா தானும் சுகம் என்று எழுதச் சொன்னார், முழங்கால் வலியோடு சேர்த்துச் சுகம் என்று நானாகப் போட்டுக்கொள்கிறேன். உன் புறாக்கள் எங்கள் இரண்டு பேரையும் விடச் சுகம், அவைகளுக்கு முழங்காலும் வலிக்காது, முழங்கால் வலிக்கிறவரோடு ஒரே வீட்டில் இருந்து அந்தக் கதையைக் கேட்கிற தலையெழுத்தும் கிடையாது. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, வாரம் ஒரு தடவையாவது தலையணை உறையைத் துவைத்துப் போட்டு நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்பாய். சொல்லலாம்தான், ஆனால் நான் போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு அப்படி இல்லை இப்படி என்று ஒவ்வொரு வரிக்கும் திருத்தம் போடுவார், நடந்ததில் அவர் பங்கு என்ன என்பது உனக்குத் தெரியவே தெரியாமல் போய்விடும். அதனால்தான் அவர் வேலைக்குப் போயிருக்கும்போது உட்கார்ந்து எழுதுகிறேன். ஆஸ்பத்திரி லிஃப்டில் நாள் முழுக்க மேலே போய்க் கீழே வந்து, கடைசியில் எங்கேயும் போய்ச் சேராமல் சாயங்காலம்தான் வீட்டுக்கு வருவார், அதற்குள் முடித்துவிடுவேன்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் சித்தி உடம்பைக் குறைக்கிறேன் என்று நடக்கிற மிஷின் ஒன்று வாங்கினாள், அதன் மேல் இப்போது ஈரத் துண்டு காய்கிறது, துண்டு மட்டும் கொஞ்சம் இளைத்த மாதிரி இருக்கிறது. நம் வீட்டுக் குளியலறைக் குழாயை உன் அப்பா ரிப்பேர் செய்தார், முன்பு சொட்டியது, இப்போது ஒழுகுகிறது. எனக்குப் பள்ளிக்கூட யூனிஃபார்ம் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, எல்லாப் பிள்ளைகளும் ஒரே சமயத்தில் எப்படித்தான் வளர்கிறார்களோ. சரி, நீ இந்த வரியெல்லாம் தாண்டிப் புறா எங்கே என்று தேடுகிறாய் என்பது தெரியும். வருகிறேன்.

நீ கிளம்பிப் போகும்போது, வானத்தில் குட்டிக்கரணம் போடுகிற உன் கர்ணப் புறா ஜோடியை என்னிடம் ஒப்படைத்தாய், அம்மா பார்த்துக்கோ என்று ஒரே வார்த்தை. அதற்கு முன்னால் எனக்குப் புறா என்றால் துவைத்துப் போட்ட துணியில் கறை வைக்கிற ஜாதி, அவ்வளவுதான். ஜோடியும் கிழடு தட்டிவிட்டது. ஆனாலும் நீ போன பிறகு ஏதோ ரோஷம் வந்த மாதிரி மூன்று தடவை முட்டையிட்டு ஆறு குஞ்சு பொரித்தன. இனிமேல் முட்டை வைக்கிற தெம்பு அந்தக் கிழவிக்கு இல்லை, உன் ஜோடியின் வம்சம் என்று சொல்லிக்கொள்ள இந்த ஆறுதான் என்று போனில் நீயே சொன்னாய், சொல்லும்போது உன் குரல் கொஞ்சம் ஒரு மாதிரி ஆனது எனக்குக் கேட்டது. அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன், நீ லீவில் வந்து நிற்கும்போது ஆறும் நம் மொட்டை மாடிக்கு மேல் கர்ணம் அடிக்க வேண்டும். பெயரும் வைத்துவிட்டேன், எனக்குத் தெரிந்த சாமான்களின் பெயர்தான், காலர், பொத்தான், பாக்கெட், ஊசி, லைனிங், ஜிப். கடைசிக் குஞ்சுக்கு ஏன் ஜிப் என்றால் அதன் வாய் மூடி நான் பார்த்ததில்லை.

நீ சொல்லிக்கொடுத்த ஒன்றையும் விடவில்லை. குஞ்சுகளைக் கம்பி வலைப் பெட்டியில் போட்டு மாடியில் வைத்து நம் தெருவையும் வானத்தையும் வேடிக்கை பார்க்கவிட்டேன், எது நம் வீடு என்று மனசில் பதியட்டும் என்று. உள்ளே தள்ளினால் திறக்கும், வெளியே தள்ளினால் திறக்காது என்கிற அந்தக் கம்பிக் கதவில் நுழையப் பழக்கினேன், பழக்குவதற்குள் என் கையே இரண்டு தடவை உள்ளே மாட்டிக்கொண்டது. பறக்கவிடும் முன்னால் தீனி போடாதே, வயிறு காலியாக இருந்தால்தான் வீட்டு ஞாபகம் வரும் என்றாய், பெற்ற வயிறு கேட்குமா, ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு போடாமல் இருந்தேன். சாயங்காலம் என் தையல் வேலை முடிந்ததும் தீனி டப்பாவை எடுத்துக் கலகல என்று ஆட்டுவேன், ஆறும் வரிசையாக இறங்கி உள்ளே போய்விடும். தையல் அறையும் மாடியில், கூண்டும் அதன் சுவரை ஒட்டி, எனக்கு நாலு அடி நடந்தால் வேலை முடிந்தது. இவ்வளவு சுலபமான காரியத்துக்கா இந்தப் பிள்ளை வருஷக்கணக்கில் வாயில் விரலை வைத்து விசில் அடித்துக்கொண்டு இருந்தான் என்று உன்னை நினைத்துச் சிரித்துக்கூட இருக்கிறேன். அந்தச் சிரிப்பை இப்போது வாபஸ் வாங்குகிறேன்.

நாலு வீடு தள்ளி இருக்கிற எலக்ட்ரீஷியனை நீ மறந்திருக்க மாட்டாய், யார் வீட்டு சுவிட்சைத் தொட்டாலும் தானே ஒரு அடி துள்ளுகிறாரே, அதனால் தெருவே ஷாக் என்று கூப்பிடுகிற மகானுபாவர். அவரும் அவர் புறாக்கூட்டமும் அப்படியே இருக்கிறார்கள். ஒருநாள் அவர் மாடியிலிருந்து என் குஞ்சுகள் பறப்பதைப் பார்த்துவிட்டு, என்னக்கா, தையல்காரம்மா புறாக்காரம்மா ஆயிட்டீங்களா, அதுங்க என்ன பேன்ட்டா, அளவெடுத்தா வந்து நிக்கிறதுக்கு, நாலு நாள் உசரமாப் பறந்துச்சுன்னா நேரா என் கூண்டுக்குத்தான் வரும் என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் இருக்கிறதே, அதற்கும் அந்த ஜிப்புக்கும் ஒரே ராசி. வரட்டும் தம்பி, வந்தா நீங்களே வெச்சுக்கோங்க, ஆனா வராது என்றேன். புறா வளர்க்கிறவர்களுக்குள் இருக்கிற அந்தச் சட்டம் உனக்குத் தெரிந்ததுதான், யார் கூண்டுக்குள் நுழைகிறதோ புறா அவருக்கு, அப்புறம் கேட்கக் கூடாது. அவர் உடனே பிடித்துக்கொண்டார், ஞாயித்துக்கிழமை நானும் விடுறேன் நீங்களும் விடுங்க, பாத்துருவோம் என்று. சொல்லிவிட்டுக் கீழே இறங்கி வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆறில் ஒன்று போனாலும் உன் முகத்தில் எப்படி விழிப்பேன். உன் அப்பாவிடம் சொன்னேன், ஆறும் போச்சுன்னா அந்தக் கூண்டுல நான் முருங்கைக்காய் மாதிரி காலை நீட்டிப் படுத்துப் பேப்பர் படிப்பேன் என்றார். இந்த மனுஷனிடம் ஆறுதல் தேடியது என் தப்பு.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. காரியத்தில் முழுக் கவனம் வேண்டும் என்று தையல் மிஷினுக்கு உறையைப் போட்டு மூடிவிட்டேன், வழக்கமாக ஞாயிற்றுக்கிழமையில் நான் குஞ்சுகளைத் திறப்பதே இல்லை, அன்றைக்குத்தான் முதல் தடவை. கதவைத் திறந்ததும் ஆறும் கிளம்பின, அந்தப் பக்கம் ஷாக்கின் கூட்டமும் கிளம்பியது. அந்த அழகை நீ பார்த்திருக்க வேண்டும். காலர் மேலே போய் அப்படியே பின்பக்கமாக மூன்று கர்ணம் அடித்தது, பொத்தானும் ஊசியும் ஒன்றைப் பார்த்து ஒன்று அடித்தன, லைனிங் மரியாதையாக ஒன்றே ஒன்று அடித்துவிட்டு நிறுத்திக்கொண்டது. பாக்கெட் மட்டும் அடிக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாமல் உருண்டு உருண்டு கீழே வந்து, நம் துணிக்கொடி வரைக்கும் வந்து, உன் அப்பாவின் பனியனைப் பார்த்ததும் பயந்துபோய் மறுபடி மேலே ஏறிவிட்டது. நான் வாயைப் பிளந்து நின்றேன். இதெல்லாம் என் வீட்டுப் பிள்ளைகளா என்று இருந்தது. இறங்குகிற நேரம் வந்தது. ஷாக் தன் டப்பாவை ஆட்டினார், அவர் கூட்டம் இறங்கிவிட்டது. நான் என் டப்பாவை ஆட்டினேன், ஆறும் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் போய் உட்கார்ந்துகொண்டு, யாரோ தெரியாத அம்மா கிலுகிலுப்பை ஆட்டுகிறாள் என்கிற மாதிரி என்னைப் பார்த்தன.

மறுபடி ஆட்டினேன். டப்பாவை மேலே தூக்கி ஆட்டினேன், கீழே குனிந்து ஆட்டினேன், இடுப்பையும் சேர்த்து ஆட்டினேன் என்று உன் அப்பா சொல்வார், நம்பாதே. பொத்தான் பொத்தான் என்று நான் கத்தியதைக் கேட்டுத் தெருவில் போன ஒரு பெரியவர் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். நீ சொல்லியிருந்தாயே, பழைய புறாவைக் கையில் பிடித்துச் சிறகு படபடக்க வைத்தால் குஞ்சுகள் இறங்கும் என்று, கிழவியை எடுத்து வந்து உயரப் பிடித்தேன், அவள் வெயில் இதமாக இருக்கிறது என்று என் கையிலேயே தூங்கிவிட்டாள். அந்தப் பக்கம் ஷாக் தன் வெள்ளைப் புறாவைத் தூக்கிக் காட்டினார், அது படபட என்று அடித்துக்கொண்டது பார், விளம்பரத்துக்கு நடிக்கிற மாதிரி. என் ஆறும் தொட்டியிலிருந்து எழுந்து நேராக அவர் மாடிக்குப் போய் அவர் கூண்டின் பலகையில் உட்கார்ந்தன. ஷாக் வெள்ளைப் புறாவைப் பலகையில் விட்டுவிட்டு இரண்டு கையையும் குவித்து எனக்கு ஒரு கும்பிடு போட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, கோபமா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. உனக்கு என்ன சொல்வது, எந்த வாயால் சொல்வது என்று ஒத்திகை பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துக் கீழே காலிங் பெல். உன் அப்பாவின் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற நர்ஸம்மா, யூனிஃபார்ம் தோள்பட்டையில் தையல் விட்டுவிட்டதாம், டியூட்டிக்கு நேரமாச்சாம், ரெண்டே ரெண்டு தையல் போட்டா போதும் என்று உடுப்பைக் கொடுத்துவிட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு இருந்த நிலைமையில் நாளைக்கு வரச் சொல்லுங்க என்று உன் அப்பாவிடம் கத்தினேன். அவர்தான் லிஃப்டில் ஏறுகிறவர்களிடமெல்லாம் எங்க வீட்டம்மா தைச்சா அதுக்கு மேல பேச்சே இல்ல, பக்கத்துல இருந்து பாத்துப் பாத்து எனக்கே பாதி வந்துருச்சு என்று அளந்து வைத்திருக்கிறாரே, மானப் பிரச்சினை. அந்தப் பாதியை நம்பி உடுப்போடு மாடிக்கு ஏறி வந்து, மிஷின் உறையைக் கழற்றி உட்கார்ந்துவிட்டார். வாழ்க்கையில் ஊசியில் நூல் கோத்ததில்லை. பெடலை மிதித்தார் பார், தடதடதட என்று ரயில் வருகிற மாதிரி ஒரு சத்தம். நான் திரும்பிப் பார்த்து என்னங்க பண்றீங்க என்று கேட்பதற்குள் நூல் அறுந்து மிஷின் நின்றது. அது நின்ற நொடியில், கண்ணே, ஷாக்கின் பலகையில் இருந்த ஆறு தலையும் ஒரே சமயம் நம் வீட்டுப் பக்கம் திரும்பின. திரும்பி, எழுந்து, நேராக நம் மாடிக்குக் கிளம்பின.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாதி வழி வந்திருக்கும், உன் அப்பா எப்படியோ நூலைத் திணித்து மறுபடி மிதிக்க ஆரம்பித்தார். ஆறும் வானத்திலேயே ஒரு வட்டம் போட்டுத் திரும்பி அவர் மாடிக்கே போய்விட்டன. மறுபடி நூல் அறுந்தது, மறுபடி கிளம்பின. மறுபடி தடதட, மறுபடி திரும்பின. அப்போதுதான் என் மரமண்டையில் விளக்கு எரிந்தது. நான் தினமும் டப்பாவை எப்போது ஆட்டினேன்? மிஷினை நிறுத்திய பிறகு. அந்தக் குஞ்சுகள் டப்பாவைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை, மிஷின் ஓடினால் அம்மாவுக்கு வேலை இருக்கிறது, தீனி வராது, மிஷின் நின்றால் தீனி என்று கணக்குப் போட்டு வைத்திருக்கின்றன. அன்றைக்கு மிஷின் ஓடவே இல்லை, அப்புறம் எங்கே நிற்பது, பாவம் அதுகள் எதைக் கேட்டு இறங்கும். நிறுத்துங்க, நிறுத்துங்க என்று அலறினேன். நர்ஸம்மா உடுப்பைக் கெடுக்கிறார் என்றுதான் நான் திட்டுகிறேன் என்று நினைத்து, இதோ முடிஞ்சிருச்சு முடிஞ்சிருச்சு என்று அவர் இன்னும் வேகமாக மிதித்தார். அங்கே ஜிப் தன் வழக்கப்படி வாயைத் திறந்துகொண்டு ஷாக்கின் கம்பிக் கதவுக்குள் தலையை நீட்டிவிட்டது, தலை உள்ளே, வால் வெளியே. ஷாக் அந்தப் பக்கமிருந்து, அக்கா தலை உள்ள வந்தாச்சு, என் கணக்குல எழுதிக்கோங்க என்று கத்த, வால் இன்னும் வெளிய இருக்கு தம்பி, சட்டம் முழுப் புறாவுக்குத்தான் என்று நான் கத்த, வேறு வழி தெரியாமல் ஓடிப் போய் உன் அப்பாவின் இரண்டு தோளையும் பிடித்து நாற்காலியோடு பின்னால் இழுத்துவிட்டேன். அவர் கால் இரண்டும் காற்றில் மிதித்துக்கொண்டிருக்க, மிஷின் நின்றது.

ஜிப் தலையை வெளியே உருவிக்கொண்டு முதல் ஆளாகப் பறந்து வந்தது. அதன் பின்னால் மற்ற ஐந்தும். வந்த வேகத்தில் கம்பிக் கதவை ஆறும் தடதட என்று தள்ளிக்கொண்டு உள்ளே போயின, நான் டப்பாவை ஆட்டக்கூட மறந்துபோய்த் தீனியை அப்படியே கொட்டினேன். உள்ளே போனதை எண்ணினேன், ஏழு. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினேன், ஏழுதான். ஷாக்கின் கையில் படபடத்த அந்த வெள்ளைப் புறா, இவ்வளவு அவசரமாக எல்லாரும் எங்கேயோ போகிறார்களே என்று கூட்டத்தோடு கூட்டமாக வந்து, என் தீனியைத் தின்றுகொண்டிருந்தது. மாடிச் சுவர் ஓரமாகப் போய் நின்று, ஷாக்கைப் பார்த்து இரண்டு கையையும் குவித்து நானும் ஒரு கும்பிடு போட்டேன்.

கீழே நர்ஸம்மா உடுப்பை உதறிப் போட்டால் ஒரு கை உள்ளே போகிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது, உன் அப்பா தோள்பட்டையை விட்டுவிட்டுக் கைப்பகுதியின் வாயை ஒரு ஓட்டை விடாமல் அழகாக மூடித் தைத்திருந்தார். நல்ல பொம்பளை, சிரித்துவிட்டாள், நான் உட்கார்ந்து பிரித்துத் தைத்துக் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் முதல் லிஃப்டில் ஏறுகிற டாக்டர்களெல்லாம், என்ன சார், எங்க கோட்டையும் தைச்சுக் கொடுப்பீங்களா, உள்ள போன கை வெளிய வருமா என்று கேட்கிறார்களாம். இவரும் விடாமல், நான் அன்னைக்கு மிதிக்கலேன்னா ஆறு உருப்படி போயிருக்கும் சார் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். அதில் பொய் இல்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

வெள்ளைப் புறா சட்டப்படி நமக்குத்தான். ஆனால் ஷாக் அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை என்று அவர் வீட்டம்மா வந்து சொன்னாள், எனக்கும் அந்த முகத்தை நினைத்தால் என் முகம் மாதிரியே இருந்தது. காலையில் கதவைத் திறந்துவிட்டேன், அது நேராக அவர் வீட்டுக்குப் பறந்து போனது. அவர் அங்கிருந்தே, அக்கா பெரிய மனசு, உங்க புறாவுக்கு நான் இனிமே ஆசப்படமாட்டேன், இது சத்தியம் என்றார். அதோடு முடிந்தது என்று பார்த்தால், சாயங்காலம் நான் மிஷினை நிறுத்தியதும் அந்த வெள்ளைச் சனியன் மறுபடி இங்கே வந்து நின்றது. அன்றிலிருந்து தினமும் அதே கதைதான், நம் வீட்டில் ஒரு வேளை தின்றுவிட்டுப் பொழுது சாய்ந்த பிறகு அவர் வீட்டுக்குப் போகிறது, அவர் டப்பாவை ஆட்டினால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, அது இல்லாமல் அவர் கூட்டமும் இறங்க யோசிக்கிறதாம். அதுங்க என்ன பேன்ட்டா என்று கேட்ட மனுஷன் இப்போது தினமும் சாயங்காலம் டப்பாவும் கையுமாக மாடியில் நின்று, அக்கா, இன்னும் எத்தனை பேன்ட் இருக்கு என்று கேட்கிறார், நான் எப்போது நிறுத்துகிறேனோ அப்போதுதான் அவரும் தன் புறாவை இறக்க முடியும். இன்னும் மூணு தம்பி என்பேன். சில நாள் மூன்றும் முடிந்த பிறகு, அவரைப் பார்த்துக்கொண்டே, தைக்க வேண்டிய அவசியமே இல்லாத தலையணை உறை ஒன்றை எடுத்து மெதுவாகத் தைப்பேன். நான் நல்லவள்தான், ஆனால் அவ்வளவு நல்லவள் இல்லை.

நீ நூறு வயசு இருக்க வேண்டும், எங்கே போனாலும் நாலு பேர் உன்னைத் தங்கமான பிள்ளை என்று சொல்ல வேண்டும், வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே. லீவு தேதி தெரிந்தால் முன்கூட்டியே எழுது, அன்றைக்கு யூனிஃபார்ம் வேலை எதையும் ஒப்புக்கொள்ளாமல் இருக்கிறேன், புறாக்களை இறக்க ஒரு தலையணை உறை தைத்தால் போதும். போன தடவை அனுப்பிய சட்டை கழுத்தில் இறுக்குகிறதா இல்லையா என்று இன்னும் நீ சொல்லவில்லை, சொன்னால்தானே அடுத்ததை வெட்ட முடியும். லிஃப்ட் சத்தம் இன்னும் காதில் இரைகிற முகத்தோடு உன் அப்பா தெருமுனையில் வருகிறார், இதை ஒளித்து வைக்க வேண்டும்.

உன் ஆறு குஞ்சையும் உன்னையும் ஒரே மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிற,
அம்மா